சீகன்பால்குவின் அன்றாட வாழ்வில் தமிழ்ப் புலவரின் பங்கு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது பர்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு ஏறத்தாழ 24 வயது. டேனிய அரசரால் அனுப்பப்பட்ட இச்செருமானிய இளைஞரின் கடிதங்கள் பெரும்பாலும் சமயப்பணி வரலாற்றுக்கான சான்றுகளாகவே நோக்கப்பட்டுள்ளன. அவற்றில் பதிவாகியுள்ள அன்றாட வாழ்வோ ஒரு மாணவரின் வாழ்வாகும்.

திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திற்கே வரவழைத்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதி அவர் தமிழ் பயின்றார். காலை 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரை தமிழ் நூல்களை வாசித்தமையை 1708ஆம் ஆண்டுக் கடிதம் கூறுகிறது. அவ்வேளையில் முதிய புலவர் ஒருவர் ஐயம் களைந்தார். எழுத்தர் ஒருவரும் உடனிருந்தார்.

இவ்வாசிப்பின் பயனாக 1708இல் 'பிப்லியோதிகா மலபாரிகா' என்னும் தமிழ் நூற்பட்டியல் உருவாயிற்று. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியன அவ்வாண்டிலேயே செருமானியத்தில் பெயர்க்கப்பட்டன. எழுத்தர்களை உள்நாட்டிற்கு அனுப்பி, இறந்த பிராமணர்களின் கைம்பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு ஏடுகள் பெற்றதாகச் சீகன்பால்குவே குறிப்பிடுவது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. கணவர் பேணிய ஏட்டை அப்பெண்கள் விற்க நேர்ந்த சூழலை அக்குறிப்பு விளக்கவில்லை.

1716இல் ஹாலே நகரில் அச்சான அவரது தமிழ் இலக்கண நூல் ஒருவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1719இல், 36ஆம் வயதில் மறைந்த அவரது உழைப்பு போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை. எனினும், பாடஞ்சொன்ன புலவரையும் ஏடு காத்த இல்லங்களையும் விலக்கிவிட்டு அவ்வுழைப்பை மதிப்பிடுதல் முழுமையான ஆய்வாகாது. அதற்குரிய சான்று அவர்தம் கடிதங்களிலேயே உள்ளது.