அரசியின் நாக்கும் கைதியின் தொடையும்

மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில், உசுமசிந்தா ஆற்றங்கரையில் இருக்கும் மாயா நகரம் யாஷ்சிலான். அங்கே 23ஆம் கட்டடத்து வாசலின் உத்தரக்கல்லில் அரசி கபல் ஷோக் மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். கூடைக்குள்ளிருக்கும் காகிதத்தில் ரத்தம். எதிரே அரசன் இட்சம்நாஹ் பாலம் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறான். சடங்கின் தேதி கி.பி. 709.

தெய்வங்களுக்குப் பட்ட கடனை அரசகுலம் தன் ரத்தத்தால் அடைக்கிறது, அதனால்தான் உலகம் இயங்குகிறது என்பது வழக்கமான விளக்கம். லிண்டா ஷீலும் மேரி மில்லரும் 1986இல் அமெரிக்காவில் நடத்திய கண்காட்சிக்குப் பின் இது பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது. அதற்கும் முன்னால், 1960இல், இவ்வுருவங்கள் சாந்தமான பூசாரிகளல்ல, பிறந்து ஆண்டு செத்த அரசர்கள் என்று தாத்தியானா ப்ரோஸ்கூரியகாஃப் நிறுவியிருந்தார். பெரிய உடைப்பு அது. ஆனால் எழுத்துகள் படிக்கப்படப் படிக்கப்பட, அரசன் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்டதையே ஆய்வும் திருப்பிச் சொல்லத் தொடங்கிற்று. உலகத்துக்காக ரத்தம் கொடுத்தோம்னு ராஜா சொல்றான். சொல்லாம இருப்பானா? மக்காச்சோளம் விளைவிச்சு அந்த உலகத்துக்குச் சோறு போட்டவன் கல்லில் எங்கே?

மண்டியிட்டிருப்பதாலேயே அரசியைப் பலியாள் என வாசிப்பதும் அவசரம். அந்தக் கட்டடம் அவளுடைய வீடு என்கிறது கல்வெட்டு. அவள் உடையின் நெசவைச் சிற்பி அவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான். அதுவும் எங்கே? உத்தரக்கல்லின் அடிப்பக்கத்தில். வாசலுக்குள் கால்வைத்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். சதுக்கத்தில் நிற்கிற கூட்டத்துக்குத் தெரியாது. ஆக இது குடிகளுக்கான பிரச்சாரம் என்பதைவிட, ஆள்பவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட பிரதி. 1880களில் மாட்ஸ்லே பெயர்த்தனுப்பிய பிறகு அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய், அண்ணாந்து பார்க்க வேண்டிய கல் நேரெதிரே பார்க்கிற படமாகிவிட்டது.

இந்தக் காட்சியில் மூன்றாவதாக ஒருவனும் இருக்கிறான். அரசனின் உச்சியில் கட்டியிருப்பது பலியிடப்பட்ட ஒருவனின் சுருங்கிய தலை. ‘அஹ் நிக்கைச் சிறைபிடித்தவன்’ என்பது அரசனின் பட்டங்களில் ஒன்று. அவன் மகன் பறவை ஜாகுவார் 755இல் கைதி பிடிப்பதைக் காட்டும் வேறொரு உத்தரக்கல்லும் யாஷ்சிலானில் உண்டு. அரசியின் பெயருக்குக் கல்லில் தனிக்கட்டம் கிடைத்தது; இந்தக் கைதியின் பெயரை அவன் தொடைமேலேயே வெட்டியிருக்கிறார்கள். அதுகூட, பெயர் சொன்னால் பிடித்தவனுக்குப் பெருமை என்பதால்.