மடு மாதா புத்திமதி சொல்வதில்லை

உளவியலும் மெய்யியலும் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "அதைப் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கலாம்?" மற்றது கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏன் பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிவிட்டேன். உள்ளுக்குள் மட்டும் அவர்களைப் பிடித்து உலுப்பிக் கேட்க வேண்டும் போலிருக்கும்: இவ்வளவு ருசியான ஒரு படிப்பு இருக்கும்போது நீங்கள் எல்லாரும் எப்படி வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம்தான்.

நான் மன்னார் மாவட்டத்தில், மடுக் கல்வி வலயத்தில் படிப்பிக்கிறவள். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் வீதியில் மடுச் சந்தியில் இறங்கி, காட்டுப் பக்கம் திரும்பும் பாதையில் போனால் மருதமடு அன்னையின் கோவில். ஆவணித் திருவிழா கிட்டக் கிட்ட லொறியிலும் லான்ட்மாஸ்டரிலும் சனம் வந்து இறங்கும். மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, ஒரு ஊரே எழும்பிவிடும். ஒரு பக்கம் தமிழில் செபமாலை, மறுபக்கம் சிங்களத்தில். சைவக்காரரும் நேர்த்தி வைத்துக்கொண்டு வருவார்கள். நான் இந்தப் படிப்புக்குள் விழுந்ததற்குக் காரணம் இந்த இடம்தான்.

பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்ற ஒரு வயதான அம்மாவைச் சொல்ல வேண்டும். கையில் செபப்புத்தகம் இல்லை. வாய்விட்டுக் கதைத்துக்கொண்டிருந்தா. "மூத்தவன் இன்னும் குடிக்கிறானம்மா. உனக்குத் தெரியும்தானே. போன வருசமும் சொன்னனான்." பிறகு கடன், பிறகு முழங்கால் உளைவு, பிறகு ஆரோ மருமகளைப் பற்றி நல்ல காரமாக நாலு வார்த்தை. மாதா குறுக்கே பேசவில்லை. "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதையைத் தொடங்கவில்லை. "எல்லாம் சரியாகிடும்" என்று அவசரப்பட்டு வாயை மூடவைக்கவில்லை. புத்திமதி ஒரு சொட்டும் இல்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, தேத்தண்ணிக் கடைப் பக்கம் போகும்போது நடையே வேறு மாதிரி இருந்தது. மன்னார் மாவட்டத்தின் ஆகத் திறமான உளவளத்துணையாளர் ஆர் என்று என்னைக் கேட்டால், கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் அவதான் என்பேன். பக்தியோடும் சொல்வேன், தொழில் முறையிலும் சொல்வேன்.

ஏனென்றால் பிறகு வகுப்பில் கார்ல் றொஜர்ஸைப் படித்தபோது எனக்கு மேசையில் தட்ட வேண்டும் போலிருந்தது. நியூயோர்க்கில் இறையியல் படிக்கப் போன மனுசன். படித்த குருமடத்துக்கு எதிர்ப்பக்கம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி. வீதியைக் கடந்து அங்கே போய் உளவியலாளர் ஆனவர். 1961இல் அவர் வெளியிட்ட 'ஒன் பிகமிங் எ பேர்சன்' என்ற நூலின் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: வளரும் சக்தி அந்த ஆளுக்குள்ளேயே இருக்கிறது; கேட்டுக்கொண்டிருப்பவரின் வேலை, அது வளர இடம் விடுவது. நிபந்தனை போடாத ஏற்பு, ஒத்துணர்வு, நடிப்பில்லாத நேர்மை. இந்த மூன்றும் இருந்தால் போதும் என்கிறார். ஆசிரியத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி தெரியுமா? எங்களுக்குச் சம்பளமே புத்திமதி சொல்வதற்குத்தானே!

அப்போ மெய்யியல் எதற்கு என்று கேட்பீர்கள். ஐயோ, அங்கேதான் விசயமே இருக்கிறது.

இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் திறந்த வில்ஹெல்ம் வூண்ட் அங்கே மெய்யியல் பேராசிரியர். ஹாவர்டில் வில்லியம் ஜேம்ஸ் இரண்டையும் படிப்பித்தார். 1890இல் உளவியலுக்கு இரண்டு பெரிய தொகுதி எழுதிய அதே கைதான் பிறகு மெய்யியலும் எழுதியது. எனக்கு ஆகப் பிடித்தது எபிக்டெட்டஸின் கதை. உரோமாபுரியில் அடிமையாக இருந்தவர். மனிதரைக் கலக்குவது நடந்த சம்பவம் அல்ல, அதைப்பற்றி அவர்கள் கொண்ட எண்ணம்தான் என்று படிப்பித்தவர். ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு மேல் கழித்து அல்பேர்ட் எலிஸ் என்ற அமெரிக்கர் அந்த ஒரு கருத்தை எடுத்து ஒரு சிகிச்சை முறையையே கட்டினார். இன்று பல ஆஸ்பத்திரிகளிலும் உச்சரிக்கப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் வேரில் ஓர் அடிமை உட்கார்ந்திருக்கிறார்! இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆரிடமாவது சொல்ல வேண்டுமே. கடைசியில் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "ஓமோம், நல்ல மனுசன்போல" என்று திரும்பிப் படுத்துவிட்டா.

ஒன்றை மட்டும் படிப்பது ஒற்றைத் துடுப்போடு வள்ளம் வலிக்கிற வேலை. வலிக்க வலிக்க நின்ற இடத்திலேயே சுற்றும். எங்கள் மண்ணில் இரண்டும் சேர்ந்து தேவைப்படுவது கதையல்ல, அன்றாடம். 1990க்குப் பிறகு யுத்தத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மடுக் கோவில் வளவில் அகதிகளாக வாழ்ந்தன. 1999 கார்த்திகை 20ஆம் திகதி அந்த வளவிலேயே ஷெல் விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். 2008 சித்திரையில் மாதாவின் சுருவமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. அந்த அகதிக் கொட்டில்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று என் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பின்வாங்கில் இருந்துவிட்டு, கூட்டம் முடிந்த பிறகும் போகாமல் நிற்பார்கள். தலையிடி, நெஞ்சு அடைப்பு, உடம்பு முழுக்க உளைவு என்று தொடங்குவார்கள். மனம் நோகிறது என்று தொடங்குகிறவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் பல வருசம் வேலை செய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றில் இதையே கண்டேன்: எங்கள் ஆட்களில் துக்கம் உடம்பின் பாஷையில் பேசுகிறது. அவர் இன்னொன்றும் செய்தார், அதற்காக அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். மனதை ஆற்ற வெளிநாட்டுப் பயிற்சியை அப்படியே கொண்டுவந்து இறக்காமல், சைவர் ஓங்காரத்தையும் கத்தோலிக்கர் செபமாலையையும் முஸ்லிம்கள் திக்ரையும் மெதுவாக உருப்போடட்டும் என்று வழி காட்டினார். மூன்று சமயமும் அடுத்தடுத்து வாழும் மன்னாருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல முடியுமா?

ஆனால் தலையிடிக்குப் பிறகு வரும் கேள்வி இருக்கிறதே, அதற்கு மாத்திரையும் இல்லை, மூச்சுப் பயிற்சியும் இல்லை. மகன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தாய் கேட்கிறா: "அவனுக்கு நான் பூசை ஒப்புக்குடுக்கிறதோ, இல்லாட்டி சோறு எடுத்து வைக்கிறதோ?" பூசை ஒப்புக்கொடுத்தால் தானே அவனைக் கொன்றதாகிவிடுமாம். அமெரிக்காவின் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களோடு எழுபதுகளில் வேலை செய்து, இப்படிப்பட்ட இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதில் எனக்கு மூச்சு வந்தது: அந்தத் தாய்க்கு நோய் இல்லை, அவவின் நிலைமைதான் நோயாளி. முடித்துவை, மறந்துவிடு என்று நெருக்கக்கூடாது. இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாழப் பக்கத்தில் நிற்க வேண்டும். இது உளவியல்தானா? முரண்பட்ட இரண்டு உண்மைகளை ஒரே மனம் தாங்கலாமா என்பது எப்போதிருந்தோ மெய்யியலின் கேள்வி. "கடவுள் பாத்துக்கொண்டுதானே இருந்தவர்?" என்று அதே தாய் அடுத்ததாகக் கேட்கும்போது, அதை ஒரு நோய்க்குறி என்று கொப்பியில் எழுதுகிறவரிடம் நான் என் நாய்க்குட்டியைக்கூட அனுப்பமாட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் நாட்டு மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் எழுதிய ஒரு கட்டுரையைச் சொல்லியே ஆகவேண்டும். வாழ்வே துக்கம், இதில் பற்று வைக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கில் அதை மனச்சோர்வு என்பார்கள். சிங்களக் கிராமத்தில் அவரை ஒரு நல்ல பௌத்தர் என்பார்கள் என்று மனுசன் போட்டு உடைக்கிறார். படிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. எங்கள் கத்தோலிக்கத் தாய்மார் "மாதாவின்ர வியாகுலத்துக்கு முன்னால என்ர கவலை எம்மாத்திரம்" என்று சொல்வதை நான் அதற்குப் பிறகு வேறு காதால் கேட்கிறேன். எல்லாச் சோகத்தையும் தத்துவமாக்கிவிட்டு வைத்தியரிடம் போகாமல் இருக்கச் சொல்லவில்லை. நித்திரையில்லாமல், சாப்பாடு இல்லாமல், சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அன்றே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அங்கே மெய்யியல் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எது எப்போது என்று தெரிவதற்குத்தான் இரண்டையும் படிப்பது.

தமிழில் எங்கே படிப்பது என்று சலிக்கிறவர்களுக்கு: யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலிருந்து அமலமரித் தியாகிகள் வெளியிட்ட 'நான்' என்ற உளவியல் சஞ்சிகையைத் தேடிப் பாருங்கள். பழைய இதழ்க் கட்டொன்று எனக்கு ஒரு பங்குமனையில் அகப்பட்டது. செல் அரித்த ஓரம், மங்கிய அச்சு. கோபம், தாழ்வு மனப்பான்மை, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து கதைப்பதுபோல் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவேயில்லை. கொடுத்துவிட்டேன், நம்புங்கள்.

இப்போது என் வகுப்பில் செய்து பார்த்த ஒன்றுக்கு வருகிறேன். சிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் இன்கசேலோ இன்கூபேயும் அவுஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் சேர்ந்து, தாய் தகப்பனை இழந்த ஆபிரிக்கப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய பயிற்சி ஒன்று உண்டு: வாழ்வு மரம். பிள்ளை ஒரு மரம் கீறும். வேரில் தான் வந்த இடமும் முன்னோரும், நிலத்தில் அன்றாட வாழ்க்கை, தண்டில் தன் திறமைகள், கிளைகளில் ஆசைகள், இலைகளில் தனக்கு வேண்டிய ஆட்கள், பழங்களில் மற்றவர்களிடமிருந்து கிடைத்த நன்மைகள். கடைசியில் எல்லா மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஒரு காடு. அதற்குப் பிறகுதான் காட்டில் அடித்த புயல்களைப் பற்றிக் கதைப்பது. இந்த ஒழுங்கில்தான் அதன் மேதைமை. எங்கள் ஊரில் எல்லாரும் பிள்ளையிடம் முதலில் புயலைத்தான் கேட்டார்கள், படிவமும் பேனையுமாக.

ஒன்பதாம் வகுப்பில் செய்தேன். பெரும்பாலும் பனையும் வேம்பும் வந்தன. ஒரு பெடியன் மட்டும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் கீறினான். தாள் முழுக்கத் தண்டு. கிளை என்று மேலே நாலு குச்சி. தண்டுக்குள் எழுத இடம் இருக்கிறதே என்றேன். "எனக்கென்ன திறமை ரீச்சர்" என்று பென்சிலைக் கடித்தான். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், மாதாவை நினைத்துக்கொண்டு. புத்திமதி நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கஷ்டப்பட்டு விழுங்கினேன். கனநேரம் கழித்து எழுதினான்: வலை பொத்துவேன். அதற்குக் கீழே: அப்பப்பா காட்டித் தந்தவர். அதற்குக் கீழே: தங்கச்சிக்குத் தலை இழுத்து விடுவேன். பிறகு அவனை நிற்பாட்ட ஏலவில்லை. தாளின் பின்பக்கமும் நிரம்பியது. அந்தப் பெருக்கமரம் அராபிய வணிகர்களோடு ஆபிரிக்காவிலிருந்து மன்னாருக்கு வந்தது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே கண்டத்திலிருந்து வந்த பயிற்சியில், அதே மரத்துக்குள், எங்கள் பிள்ளை ஒருவன் தன்னைக் கண்டுபிடிக்கிறான்! இதற்கு மேல் எனக்கு என்ன உத்தியோகம் வேண்டும்?

மெய்யியலையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். மத்தியூ லிப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுபதுகளில் சிறுவர்களுக்கான மெய்யியல் என்று ஒன்றைத் தொடங்கிவைத்தார். வட்டமாக இருந்து, பிள்ளைகளே கேள்வி போட்டு, பிள்ளைகளே வாதிப்பது. ஆசிரியர் விடை சொல்லக்கூடாது. கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்பை வேம்புக்குக் கீழே இருத்தி, என்ன கேள்வி வேண்டுமென்றாலும் போடுங்கள் என்றேன். பேய் இருக்கா, பரீட்சை ஏன் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு வாயே திறக்காத ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. "ரீச்சர், மடுவுக்குச் சிங்களப் பிள்ளையளும் வந்து இதே மாதாட்டத்தானே கேக்குதுகள். நாங்களும் அவையளும் எதிர்மாறாக் கேட்டா மாதா ஆருக்குச் செய்வா?"

"முதல் கேட்டாக்களுக்கு" என்றான் ஒருவன். "ரெண்டு பேருக்கும் செய்யமாட்டா" என்றது இன்னொன்று. "அப்ப கேக்கிறது எதுக்கு?" "கேட்டா மனசு லேசாகும்." "அப்ப அதுக்கு மாதா தேவையில்லையே, மரத்திட்டயும் சொல்லலாமே!" மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. வாசலில் வான்காரர் ஹோர்ண் மேல் ஹோர்ண் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து வட்டத்துக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் ஒண்டு சொல்லலாமோ ரீச்சர்?" என்று பிள்ளைகளுக்கு நடுவில் வந்து குந்தினார்.