காப்பிக்கடைத் தீர்ப்புகள்

சிங்கப்பூரின் பொங்கோல் காப்பிக்கடையில் தமிழ் சினிமா ரசிகர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு விளையாட்டு தவறாமல் நடக்கும். யாராவது ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைச் சொன்னால் போதும். அது எந்த ஜப்பானியப் படத்தின், எந்தக் கொரியத் தொடரின் காப்பி என்று தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

இந்த விளையாட்டால் நன்மையும் உண்டு. 2010இல் 'நந்தலாலா' வந்தபோது 'கிகுஜிரோ'வின் பெயர் அடிபட்டிராவிட்டால், தக்கேஷி கித்தானோவை நம்மில் பலர் தேடிப் போயிருக்கவே மாட்டோம். குற்றம் சாட்டப் போனவர்கள் ரசிகர்களாகத் திரும்பினார்கள். கடன் வாங்கினால் பெயரைப் போட வேண்டும் என்ற கூச்சம் நம் இயக்குநர்களுக்கு ஓரளவேனும் வந்திருந்தால், அதில் இந்த மேசைகளுக்கும் பங்குண்டு.

ஆனால் இந்தக் காப்பி வேட்டை கதையோடு நின்றுவிடுகிறது. தாயைத் தேடிப் போகும் சிறுவன், கூடவே ஒரு விவரங்கெட்ட மனிதன் என்ற இரண்டு வரி பொருந்தியதும் கோப்பை மூடிவிடுகிறோம். கித்தானோவின் நாயகன் முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் தாயைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுகிறான். 'நந்தலாலா' இயக்குநர் மிஷ்கினுக்கு அந்தத் தூரம் ஒத்துவரவில்லை. அவருடைய நாயகன், மனம் சிதைந்த நிலையில் இருக்கும் தாயை நேருக்கு நேர் சந்திக்கிறான், பின்னணியில் இளையராஜா. எனக்குக் கித்தானோவின் மௌனம்தான் உசத்தி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'பாராசைட்' ஆஸ்கர் வாங்கியதும் அது 'மின்சார கண்ணா'வின் காப்பி என்று கிளம்பினார்களே, அதுவும் இந்த இரண்டு வரிக் கணக்கின் விளைவுதான்.

வேட்டைக்காரர்கள் மிகக் கூர்மையாகக் கண்டுபிடித்த இடம் மலையாளப் படமான 'த்ரிஷ்யம்'. நமக்கு அது 2015இல் 'பாபநாச'மாக வந்தது. கெய்கோ ஹிகாஷினோவின் 2005ஆம் ஆண்டு நாவலும், அதிலிருந்து 2008இல் வந்த 'சஸ்பெக்ட் எக்ஸ்' படமும்தான் மூலம் என்பது குற்றச்சாட்டு. இயக்குநர் ஜீத்து ஜோசப் மறுத்தார். இரண்டிலும் ஒரு தாயும் மகளும் எதிர்பாராத கொலையில் சிக்குகிறார்கள். இரண்டிலும் தேதியை இடம் மாற்றும் தந்திரம் போலீஸைக் குழப்புகிறது. சினிமாவுக்குப் போனதே இரண்டிலும் சாட்சி ஆகிறது. இவ்வளவையும் கவனித்த கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே கண் தவறவிட்டதையும் சொல்கிறேன். ஜப்பானியக் கதையில் தேதியை நகர்த்த இன்னொரு மனிதன் பலியாகிறான். வீடில்லாத, யாரும் தேடாத ஒருவன். பக்கத்து வீட்டுப் பெண் மேல் ஊமைக் காதல் கொண்ட கணித ஆசிரியர் அதைச் செய்கிறார். கூனிய தோளோடு படம் முழுக்க அடங்கியே இருக்கும் ஷினிச்சி சுட்சுமி, கடைசியில் கதறும்போதுதான் அந்தக் காதலின் கொடூரம் நமக்கு உறைக்கிறது. 'பாபநாச'த்தில் கேபிள் டிவி நடத்தும் நம் சுயம்புலிங்கம் யாரையும் கொல்வதில்லை. அடுத்தவர் ஞாபகத்தை நகர்த்துகிறான், அதுவும் சினிமா பார்த்துக் கற்ற வித்தையால். ஒன்று தனிமையின் கதை, மற்றது குடும்பத்தின் கதை. சீனர்கள் 2019இல் 'த்ரிஷ்ய'த்தை மறுஆக்கம் செய்தபோது, பினாங்கில் பிறந்த சாம் குவா கதையைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோனார். அங்கும் குடும்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார், கணித ஆசிரியரை அல்ல.

மேசையில் அதிகம் அடிபடாத 'அந்த நாள்' எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம். குரோசாவாவின் 'ராஷோமோன்' பார்த்த பாதிப்பில் எஸ். பாலசந்தர் 1954இல் பாட்டே இல்லாமல் எடுத்த படம். சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட 1943 அக்டோபர்தான் பின்னணி. செத்துக் கிடக்கும் சிவாஜி, ஜப்பானுக்கு ரகசியம் விற்ற ரேடியோ இன்ஜினியர். ஜப்பானியனின் கதை சொல்லும் முறையை வாங்கி, ஜப்பானுக்கு வேலை பார்த்த துரோகியின் கதையைச் சொல்லியிருக்கிறார்! குரோசாவா கடைசிவரை உண்மையைக் கைக்கு எட்டவிடவில்லை. பாலசந்தரோ, சுட்டது மனைவிதான் என்று போட்டு உடைக்கிறார். (எழுபது வருஷம் கழித்தும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) வடிவம் தெரிந்த ஒருவர் அதன் உயிரை விட்டுவிட்டார் என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் நாட்டையா கணவனையா என்று ஒரு பெண் முடிவெடுக்க வேண்டிய கதையில், உண்மை தெரியவில்லை என்று பாலசந்தரால் கைவிரிக்க முடிந்திருக்காது.

கதை வந்து சேரும் இடத்தின் வரலாறு அதை மாற்றும் என்பது பொங்கோல்காரர்களுக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். நம் கடற்கரையில் 1942 பிப்ரவரி 28 அன்று ஜப்பானியப் படை ஏறத்தாழ 400 சீனர்களைச் சுட்டுக் கொன்றது. நினைவுக்கல் இன்றும் நிற்கிறது. அதே ஊரில் உட்கார்ந்து ஜப்பானியத் தொடரைக் கண்ணீரோடு பார்க்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு கதை கடல் தாண்டும்போது எதைச் சுமந்து வருகிறது, எதைக் கரையிலேயே போட்டுவிடுகிறது என்று கேட்பதுதான் திறனாய்வு. குரோசாவாவே 'மேக்பெத்'தையும் 'லியர் அரச'னையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர்தான். காப்பி என்று அவரை யாரும் ஒதுக்கித் தள்ளவில்லை.

ஆகவே, மேசைத் தோழர்களே, வேட்டையை விடச் சொல்லவில்லை. மூலத்தைக் கண்டுபிடித்த பிறகு இன்னும் பத்து நிமிஷம் உட்காருங்கள். பெயரைப் போட்டானா, எதை மாற்றினான், ஏன் மாற்றினான் என்ற மூன்றையும் பேசிவிட்டு எழுந்திருங்கள்.