கேள்வி கேளாத கொடை

மானபங்கம் செய்யப்பட்ட பெண்ணுக்குத் தமிழ்ப் புலவர்கள் அளித்த இடம் யாது என ஆராயப் புகுந்தால் ஒரு விந்தையைக் காண்கிறோம். அவள் கற்பைப் பற்றிப் பேசிய ஏடுகள் பல. அவள் பசியைப் பற்றிப் பேசியவை மிகச் சில. தீயில் இறங்கினாளா, கல்லாய்ச் சமைந்தாளா என்று கேட்டவர் எத்தனையோ பேர். மறுநாட் காலையில் அவளுக்குச் சோறிட்டவர் யார், மருந்திட்டவர் யார், தலைசாய்க்க இடந்தந்தவர் யார் என்று கேட்டவர் அரியர். அவ்வாறு கேட்ட நூல் ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் மணிமேகலை. ஜோகூர்த் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவர் அக்காப்பியத்தை இந்தக் கண்கொண்டு ஒருமுறை படித்தல் வேண்டும் என்பது நம் விருப்பம்.

சுதமதி என்பாளை மணிமேகலையின் தோழி என்ற அளவில் பலரும் அறிவர். சாத்தனார் அவள் வரலாற்றை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். சண்பை நகரத்துப் பார்ப்பனன் கௌசிகனின் மகள் அவள். சோலையில் தனியே பூக்கொய்து நின்றவளை மாருதவேகன் என்னும் விஞ்சையன் தூக்கிச் சென்றான். தன் வயப்படுத்திப் பின்னர்க் காவிரிப்பூம்பட்டினத்தில் கைவிட்டுப் போனான். குமரியாட வந்த தந்தை அவளைக் கண்டான். மறையவர் நடுவே அவளுக்கு இனி இடமில்லை என்றறிந்தும் பிரிய மனமின்றிப் பிச்சையேற்று அவளைக் காத்தான். ஒரு நாள் ஈன்ற பசு ஒன்று முட்டி அவன் வயிற்றைக் கிழித்தது. சரிந்த குடரைக் கையில் ஏந்தியவாறு மகளோடு சமணப் பள்ளியை அடைந்தான்; அங்கிருந்தோர் இருவரையும் துரத்தினர். தெருவில் நின்று அவர்கள் கதறியபோது அவ்வழியே வந்த சங்கதருமன் என்னும் பௌத்தத் துறவி, தம் பிச்சைப் பாத்திரத்தைச் சுதமதியின் கையிற் கொடுத்துவிட்டுத் தந்தையைத் தாமே சுமந்து சென்றார். துறவியர் இருக்கையிற் சேர்த்து நோய் தீர்ப்பித்தார்.

பௌத்தப் புலவர் சமணரைப் பற்றிப் பாடுவதில் சமயக் காழ்ப்புக் கலந்திருத்தல் கூடும், அதை மறத்தலாகாது. காழ்ப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சுகிறது. ஒரு கதவு அடைபட்டது. ஒரு கை நீண்டது. நீண்ட கைக்குரியவர், நீ எப்படிக் கெட்டாய் என்று வினவவில்லை. உணவேற்கும் பாத்திரத்தையே அப்பெண்ணை நம்பி ஒப்படைத்தார். உதவி பெறுகிறவளை நம்பிக்கைக்குரிய மனுஷியாக மதித்த அச்செயலை நாம் இக்காப்பியத்தின் உயர்ந்த இடங்களுள் ஒன்றாகக் கருதுகிறோம்.

இனி அமுதசுரபியை எண்ணுங்கள். அப்பாத்திரத்தில் முதற்பிச்சை ஒரு பத்தினியின் கையால் விழவேண்டும் என்பது நிபந்தனை. ஆதிரை அதனை இட்டாள். பகுத்தறிவாளர் இவ்விடத்தில் முகஞ்சுளிக்கலாம். எனினும், நிபந்தனை யாருக்கு விதிக்கப்பட்டது என்று கவனித்தல் வேண்டும். தகுதிச் சோதனை ஈபவளுக்கே உண்டு, ஏற்பவர்க்கு இல்லை. கண்ணிழந்தோர், முடம்பட்டோர், நோயுற்றோர், ஆதரவற்றோர் எவரும் தம் ஒழுக்கத்தை மெய்ப்பித்த பின்னரே உணவு பெற்றார் என்று சாத்தனார் சொல்லவில்லை. மணிமேகலையோ, உதயகுமரனின் காமத்தால் துரத்தப்பட்டவள். அவன் இறந்தபின், அவன் தாய் காசு கொடுத்து ஓர் இளைஞனை ஏவி அவளைக் கெடுக்கவும் முயன்றாள். இத்தனைக்கும் ஆளான பெண்ணின் கையிலேயே நகரத்தின் பசி தீர்க்கும் பாத்திரத்தைப் புலவர் வைத்தார். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும் பெருமையையும் அவளுக்கே கொடுத்தார்.

பிற்கால எழுத்தாளர் இந்த வழியிற் சென்றனரா? புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய சாபவிமோசனத்தில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அது நம் சமூகத்தின் கன்னத்தில் விழுந்த அறை. ஆயினும் கல்லானவளுக்கு என்ன வழி என்று அக்கதை கூறவில்லை. கூறுதல் அதன் நோக்கமும் அன்று. ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் 1966இல் வெளிவந்தது. கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தலையில் நீரூற்றிக் குளிப்பாட்டி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். வைதிகர் கொதித்தெழுந்தனர், நாமோ அத்தாயைப் போற்றுகிறோம். ஆனால் அவள் கருணை வீட்டுச் சுவருக்குள் அடங்கியது. பிறர் அறியாதவரைதான் அது நிற்கும்.

பிறர் அறிந்தால் என்னாகும்? அதை ஜெயகாந்தனே சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலிற் காட்டினார். தமையன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். மாமன் ஆதரிக்கிறான், படிக்க வைக்கிறான். அந்த மாமனே அவள்மீது தகாத கண் வைத்துத் தொல்லை தருகிறான். இதனினும் கூரிய சமூக விமரிசனம் வேண்டுமா? தனியொருவனுடைய தயவில் வாழும் பெண், அவன் நல்லவனாயிருக்கும்வரைதான் பிழைத்தாள். அவன் கொடைக்கு விலை கேட்டால் அவள் யாரிடம் போவாள்? ஊர் கூடி ஈந்தால், ஈந்தவன் இன்னான் என்று சொல்ல ஆளில்லை. விலை கேட்கவும் ஆளில்லை. கொடை பொதுவாதல் வேண்டும் என்று நாம் வற்புறுத்தும் காரணம் இதுவே.

தோட்ட மக்களுக்கு இவ்விஷயம் புதிதன்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்திலே கெடுக்கப்பட்ட நம் பெண்களை எண்ணிப் பாரதியார் கதறினார். மலாயாவிலோ தொழிலாளர்கள் கதறியதோடு நிற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தின்போது கூலி உயர்வோடு மற்றொரு கோரிக்கையையும் வைத்தார்கள்: வெள்ளைத் துரைமாரும் அவர்கீழ் உத்தியோகத்தரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் தொல்லைப்படுத்துவது நிற்கவேண்டும் என்பதே அது. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். லயத்துப் பெண்ணின் மானம் அவள் குடும்பத்தின் அவமானம் அன்று, எல்லாருடைய உரிமை வழக்கு என்று பால்மரம் வெட்டிய அம்மக்கள் கண்டிருந்தனர்.

அன்று துரைக்கு எதிராக எழுந்த குரல், குற்றவாளி நம் உறவினனாகவும் அண்டை வீட்டானாகவும் இருக்கும்போது அடங்கிப் போவதேன்? சட்டம்கூட நம்மை முந்திச் சென்றுவிட்டது. 1987இல் ஒரு சிறுமி கெடுத்துக் கொல்லப்பட்டபோது மகளிர் அமைப்புகள் நாடு முழுதும் கிளர்ச்சி செய்தன. 1989இல் சாட்சியச் சட்டத்தில் 146ஏ பிரிவு சேர்ந்தது. கெடுக்கப்பட்ட பெண்ணின் பழைய வாழ்க்கையை நீதிமன்றத்தில் துருவிக் கேட்பதற்கு அது வரம்பு கட்டியது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் மருத்துவர், போலீசார், நலத்துறையினர் ஆகியோர் ஓரிடத்தில் அவளுக்கு உதவும் ஏற்பாடு தொடங்கிற்று. பின்னர் அது மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவிற்று. சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கென 2017இல் தனிச் சட்டம் வந்தது. நீதிமன்றம் கேட்கத் தயங்கும் கேள்வியை நம் திண்ணைகள் இன்றும் கூச்சமின்றிக் கேட்கின்றன.

சட்டம் செய்யமாட்டாத காரியங்களும் உண்டு. உள்நாட்டுத் தோட்டத்திலிருந்து ஜோகூர் பாருவுக்கு வழக்குக்குப் போய்வரும் செலவை யார் கொடுப்பார்? மகளோடு நீதிமன்றத்தில் நிற்கும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. பழிச்சொல்லுக்கஞ்சி வேறூரில் வாடகைக்குக் குடியேற முன்பணம் வேண்டும். வேறு பள்ளியிற் சேர்க்கச் சீருடையும் நூலும் வேண்டும். இவையெல்லாம் சிறு தொகைகள்தாம். ஆனால் இச்சிறு தொகை இல்லாமையாலேயே ஒரு வழக்கு பாதியில் நின்றுபோதல் கூடும். குற்றவாளியின் வீட்டார் நீட்டும் சமரசப் பணத்துக்கு ஓர் ஏழைத் தாய் இணங்கிவிடுதலும் கூடும்.

நம்மவருக்குக் கொடுக்கத் தெரியாதா? 1950களில் தமிழ் எங்கள் உயிர் என்ற நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளி கொடுத்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகத்துக்கு வழி செய்தவர் யார்? 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கியவர் யார்? திருவிழாவுக்கும் பந்தலுக்கும் இன்றும் வாரிக் கொடுப்பவர் யார்? கை நம்மிடம் உண்டு. கொடுக்கும் முறைதான் திருந்தவேண்டும்.

கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் முழக்குவதும், வாங்கியவரைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுப்பதும் நம் வழக்கம். மானபங்கத்துக்கு ஆளானவளிடம் அவ்வழக்கம் செல்லுமாயின் அது இரண்டாவது மானபங்கம். பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியரின் அடையாளத்தை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும் தடுக்கிறது. ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் சங்கமோ கோயிற்சபையோ மாதச் சந்தா கொண்ட ஒரு பொதுநிதியை வைக்கட்டும். அதைப் பங்கிடும் குழுவிற் பெண்களே பெரும்பான்மையாயிருக்கட்டும். வரவுசெலவுத் தொகை ஊருக்குத் தெரியட்டும். பெற்றவள் பெயர் தெரியவேண்டாம். வழக்கை விட்டுவிடு, இன்னாரை மணந்துகொள், ஊரைவிட்டுப் போ என்று எந்த நிபந்தனையும் அப்பணத்தோடு சேர்ந்து போகலாகாது. தனித்து இயலாத ஊரார், பல்லாண்டு அனுபவமுள்ள மகளிர் காப்பகங்களுக்கு அனுப்பலாம்.

சங்கதருமன் சுமந்து சென்றபோது ஊரார் பார்த்துக்கொண்டு நின்றார்களா, உடன் நடந்தார்களா என்று சாத்தனார் சொல்லவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். அதை எழுதி நிரப்பவேண்டியவர் நாமே.