நீலியும் அவளை வென்றோரும்

பேய்க்கதை எனின், தீங்கிழைக்கும் பேயும் அதனை ஓட்ட வல்ல மந்திரவாதியும் எதிர்நிற்பதே அதன் இயல்பு எனக் கருதுவாருளர். பேயைத் தீமைக்கும் ஓட்டுவோனை நன்மைக்கும் உரியோராக்கி முடிவு கூறுதல் எளிது. அம்முடிவு பொருந்துமா என்பதை நீலி கதை கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒப்புநோக்கற்குச் சப்பானிய நூலொன்றையும் துணைக்கொள்வோம்.

தென்காசி, குற்றாலப் பகுதி உள்ளிட்ட தென்பாண்டி நாட்டில் இசக்கி வழிபாடு இன்றும் உண்டு. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் புலவர் இசக்கியை நீலி கதையோடு இணைத்தே பாடுவர். முற்பிறப்பில் கணவனாற் கொலையுண்டவள் நீலி. அவன் மீண்டும் வணிகனாய்ப் பிறக்க, பேயாகித் தொடர்கின்றாள். அவன் கையிலோ பேயை அணுகவொட்டாத வாள் உண்டு. கள்ளிக்கொம்பைக் குழவியாக்கி இடுப்பில் ஏந்திய நீலி, அவனே தன் கணவன் எனப் பழையனூர் வேளாளரிடம் முறையிடுகின்றாள். வேளாளர் எழுபதின்மர் தம் உயிரைப் பிணையாக்கி, அவன் வாளை வாங்கி வைக்கின்றனர். வணிகன் மாள, அவர்களும் தீப்பாய்ந்து சொற்காக்கின்றனர். ஈண்டு வாள் தோற்றது பேயின் வலிமையாலன்று. ஊரார் ஒரு பெண்ணின் முறையீட்டிற்குச் செவிசாய்த்தமையால் என்க. அம்முறையீடு பொய்; அதன் அடியிற் கிடக்கும் கொலையோ மெய்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி இந்நீலியையே தலைவியாக்குகின்றது. காளிக்கு உயிர்ப்பலி வேண்டா, மண்ணுருவங்களைப் படைத்தல் சாலும் என முனிச்சந்திரர் உரைக்க, சினந்த காளி அவரை ஓட்ட நீலியை ஏவுகின்றாள். நீலி அச்சுறுத்துகின்றாள், அரசமகள் வடிவெடுத்து மயக்கவும் முயல்கின்றாள். முனிவர் மந்திரம் செபித்தாரல்லர், அசையாதிருந்தார், அவளை அறிந்துகொண்டார், அறமும் உரைத்தார். நீலி அடங்கியதோடமையாது, சமய வாதம் புரியும் அறிவுடையாளும் ஆயினாள். பேயை அழிக்காது ஆசிரியையாக்கிய காப்பியம் இது.

ஆயின் ஒரு குறையுண்டு. இந்நீலிக்குத் தனக்கென ஒரு துயரில்லை. அவள் காளியின் ஏவல் மகளே. காப்பியப் புலவர் அவளுக்கு அறிவை நல்கினார். அவள் வழக்கையோ நீக்கிவிட்டார். 1936-ஆம் ஆண்டு அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியைப் பதிப்பித்தபின், அதன் தருக்க நெறி அறிஞர்தம் கருத்தை ஈர்த்தது. எனினும் இந்நீக்கமும் எண்ணத்தக்கதே.

1776-ஆம் ஆண்டு வெளிவந்த உயேதா அகினாரியின் 'உகெட்சு மொனோகதாரி' ஒன்பது கதைகள் கொண்டது. அவற்றுள் ஒன்றில், இலையுதிர் காலத்தே மீள்வதாகக் கூறிச் சென்ற கணவன் ஏழாண்டு கழித்தே திரும்புகின்றான். மனைவி மியாகி அன்போடு எதிர்கொள்கின்றாள். விடிந்தபின் பாழ்மனையும் அவள் கல்லறையுமே எஞ்சுகின்றன. இப்பரிவுடைய பேயை ஓட்ட எவரும் வாரார், வரத் தேவையுமில்லை. பிறிதொரு கதையில் மனாகோ என்னும் பாம்புப்பெண் ஓர் இளைஞனை விடாது காதலிக்கின்றாள். தன் ஆற்றலைச் செருக்கோடு பேசி வந்த துறவி அவள் உருக்கண்டு மாய்கின்றான். முதிய துறவி ஓகாய் அவளை அடக்கிக் கலத்திலிட்டுப் புதைக்கின்றார். ஓகாயின் ஆற்றல் ஐயத்திற்கிடமற்றது. ஆயின் மனாகோவின் காதல் விடையின்றியே மண்ணுட் போகின்றது.

இவற்றால் ஓர் உண்மை புலனாகும். பேயின் துயர் கேட்கப்படுமிடத்தே ஓட்டுவோனுக்கு வேலையில்லை. ஓட்டுவோனின் ஆற்றல் ஓங்குமிடத்தே பேயின் துயர் மறைகின்றது. முனிச்சந்திரர் ஓட்டாது அறமுரைத்தாரன்றோ எனின், உண்மையே. எனினும் அவர் உரைத்தார், நீலி கேட்டாள். அவள் உரைக்க அவர் கேட்கும் இடம் காப்பியத்தில் இல்லை.

அவ்விடத்தை நாட்டார் வழக்கு காத்து வைத்துளது. வில்லுப்பாட்டில் 'நிலையம் கொடுத்தல்' என்பதோர் வழக்குண்டு. கொலையுண்டோர்க்கு இருக்க இடமும் கேட்கக் கதையும் ஆண்டுதோறும் படையலும் நல்குவதே அது. கணவனைக் கொன்ற நீலி, நிலையம் பெற்றபின், பிள்ளைவரம் வேண்டுவோர்க்குத் தாயாகின்றாள். பரிவு பேயின் பிறவிக் குணமன்று, கேட்கப்பட்டமையின் பயன்.

பேய் பிடித்தாள் என ஒரு பெண்ணை வேப்பங்குழையால் அடித்து, 'போகின்றாயா' என வினவும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்திலது. 'நினக்கு நேர்ந்தது யாது' என்னும் வினாவையே நீலி கதை நமக்குக் கற்பிக்கின்றது. நீலகேசியைப் பயில்வோர் வில்லுப்பாட்டையும் உடன்வைத்துப் பயிலுதல் வேண்டும். முன்னதில் அவள் அறிவும் பின்னதில் அவள் வழக்கும் உள. இரண்டும் கூடியவழியே நீலி முழுமையுறுவாள்.