தகரப் புனலுக்குள் ஒரு குடைமிளகாய்

எட்வர்ட் வெஸ்டனோட 'பெப்பர் நம்பர் 30' பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் போய் நிக்கறாங்க: குடைமிளகாய் மனித உடம்பு மாதிரி இருக்கு. முதுகு தெரியுது, தோள் தெரியுது, ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சு நிக்கறது தெரியுது. வெஸ்டனே இந்த வாசிப்பை ஏத்துக்கலை. எனக்கும் இது போதாதுன்னு தோணுது. கோணல்மாணலான குடைமிளகாய் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். இந்தப் படத்துல மட்டும் அது ஏன் அப்படித் தெரியுது? என் பதில்: காரணம் காய் இல்லை, புனல்.

1930 ஆகஸ்ட் தொடக்கத்தில் நாலைந்து நாட்களுக்குள் வெஸ்டன் முப்பது நெகட்டிவாவது எடுத்திருக்கிறார். முதல்ல மஸ்லின் துணியையும் வெள்ளை அட்டையையும் பின்னணியா வைத்துப் பார்த்தார். பின்னணிக்கும் காய்க்கும் இடையே வேறுபாடு ரொம்பக் கடுமையா இருந்தது. அப்புறம்தான் பெரிய தகரப் புனல் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் அகன்ற வாய்க்குச் சற்று உள்ளே காயை வைத்தார்.

இதை வீட்டில் செய்து பார்த்தேன். ஒரே ஜன்னல், செல்போன் கேமரா. வெறும் மேசை மேல வச்சப்ப ஜன்னல் பக்கம் வெளுத்துப் போச்சு, மறுபக்கம் இருண்டு போச்சு. எதிரே தெர்மகோல் அட்டை வச்சா நிழல் போயிடுது, கூடவே காயோட திரட்சியும் போயிடுது. பளபளக்கும் எவர்சில்வர் புனல்ல ஜன்னலோட பிம்பமே கண்ணாடி மாதிரி விழுந்தது. கடைசியில, எண்ணெய்க் கடையில வாங்கின மங்கிப்போன பழைய தகரப் புனல். கரடான தகரம் வெளிச்சத்தைச் சிதறடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி அனுப்புது. காயின் இருண்ட ஓரத்தில் மெல்லிசா ஒரு ஒளிக்கோடு வந்தது. புனலோட உள்பக்கம் ஆழம் போகப் போக இருட்டு. அதாவது, பின்னணி, நிழலை நிரப்பும் பலகை ரெண்டு வேலையையும் ஒரே பொருள் செய்யுது. ஒரு சின்ன எச்சரிக்கை: செல்போன் இருட்டைப் பார்த்ததும் தானா வெளிச்சத்தை ஏத்திடும். நாமதான் எக்ஸ்போஷரைக் குறைக்கணும்.

ஒப்பிட டால்பட்டின் 'எ ஃப்ரூட் பீஸ்' நல்ல உதாரணம். 1840களில் வந்த 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலின் கடைசிப் படம் அது. கூடைகளில் பழங்கள், கீழே துணி. என்னென்ன இருக்குன்னு பட்டியல் போடற மாதிரியான அமைப்பு. ஆனா அது சாப்பாட்டு மேசைன்னு பார்த்ததும் தெரியும். யாரோ வந்து உட்காரப் போறாங்க.

வெஸ்டன் படத்தில் அது கிடையாது. எனக்கு இருக்கும் உண்மையான குறையும் இதுதான். நிறம் இல்லை, காய் எவ்வளவு பெரிசுன்னு சொல்ல பக்கத்துல ஒரு கத்திகூட இல்லை. சட்டகம் முழுக்கக் காய்தான். புனல் அந்தக் காயைச் சமையலறையிலிருந்து பிடுங்கி எடுத்துடுச்சு. உடம்புன்னு படிக்கறவங்களைக் குறை சொல்லியும் பயனில்லை; உணவுன்னு படிக்க அவர் எந்தத் துப்பும் விட்டுவைக்கலை. ஒரு பொருளின் வடிவத்தை இவ்வளவு முழுசாக் காட்ட, அதோட உபயோகத்தை மறைக்க வேண்டியிருந்தது. அந்த விலை அதிகம்னுதான் நினைக்கிறேன். இருந்தாலும் படத்தை மறுபடி மறுபடி பார்க்காம இருக்க முடியலை.

இன்றைய உணவுப் படங்கள் நேரெதிர்த் தப்பைச் செய்யுது. மேலிருந்து எடுத்த படம், சுத்திலும் சிதறின மல்லித்தழை, நாலா பக்கமும் விளக்கு. எல்லாமே உணவுன்னு கத்துது, எதுக்கும் உருவம் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு படம் எடுக்க முயற்சி பண்ணிட்டிருக்கேன்: அதே புனல், அதே ஜன்னல், காயை மட்டும் பாதி நறுக்கி, விதை தெரியற மாதிரி. இதுவரை சரியா வரலை. வெட்டின முகத்துல ஈரம் பட்டு வெளிச்சம் தெறிக்குது.

காய் மட்டும் ஒவ்வொரு தடவையும் பொரியலாகிடுது. வெஸ்டன் வீட்டிலும் மாடல்களெல்லாம் கடைசியில் சாப்பாட்டுத் தட்டுக்குத்தான் போயின.