இணையச் சிற்றிதழின் மறுதொடக்கம்: அறிமுக எழுத்தாளர் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

சிற்றிதழ்கள் தோன்றுவதும் நின்றுபோவதும் மீண்டும் எழுவதும் தமிழ் இலக்கிய வரலாற்றில் புதியன அல்ல. இன்று அவ்வாறு மீண்டெழுவனவற்றுள் பல இணைய இதழ்கள். அவற்றின் அறிவிப்புகள் பெரும்பாலும் புதிய வடிவமைப்பையும் கைப்பேசியில் படிக்கும் எளிமையையும் முன்னிறுத்துகின்றன. வளரும் எழுத்தாளர்க்கென நடத்தப்பெறும் ஓர் இதழை இவற்றைக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது என நாம் கருதுகிறோம். புதியவர் ஒருவர் அனுப்பும் படைப்பை ஆசிரியர் குழு என்ன செய்கிறது என்பது முதல் அளவுகோல். அப்படைப்பு பத்தாண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்குமா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் கொண்டு மறுதொடக்கத்தின் பயனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முன்னோடிகள்

1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’ அரசியலும் சமூகமும் இலக்கியமும் கலந்த வார இதழாக வெளிவந்தது. 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதை இதழாக மறுபிறப்பு எடுத்தது. இம்மாற்றத்தின் பயனுக்கு மௌனி ஒருவரே போதிய சான்று. 1936இல் அவருடைய கதைகள் அவ்விதழில் வெளிவரத் தொடங்கின. அவரை எழுதத் தூண்டியவரும் அப்புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாவே. இதழின் புதிய வடிவத்தைவிட, எழுத்தாளரைத் தேடிச் சென்ற ஆசிரியரின் செயலே அங்கு விளைவைத் தந்தது எனலாம்.

மலாயாவில் 1950–51 காலப்பகுதியில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு இதற்கு இணையான முயற்சியாகும். கதை எழுதுவது கற்பிக்கத்தக்க கலை என்ற நம்பிக்கையில் எழுந்த அவ்வகுப்பு, இந்நாட்டுச் சிறுகதை வளர்ச்சியில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் சுமந்துவந்த பயிற்சிப் பொறுப்பில் ஒரு பகுதி இன்று இணைய இதழ்களின் தோளில் ஏறியுள்ளது. அவை அப்பொறுப்பை உணர்ந்துள்ளனவா என்பதே வினா.

அச்சிலிருந்து இணையத்திற்கு

ம. நவீனை ஆசிரியராகக் கொண்ட ‘வல்லினம்’ 2007இல் அச்சிதழாகத் தொடங்கி 2009இல் இணையத்திற்கு மாறியது. அச்சுச் செலவும் விநியோகச் சிக்கலும் சிற்றிதழ்களை நசுக்கும் சூழலில் இம்மாற்றம் இதழின் தொடர்ச்சிக்கு வழிவகுத்தது. திறனாய்வுக்கு அது தந்த முதன்மையும், இலக்கிய விழாக்கள், நூல் வெளியீடு எனத் தன் பணியை விரித்துக்கொண்டதும் பாராட்டுக்குரியன. பாராட்டுரைகளே திறனாய்வாகக் கொள்ளப்பட்ட சூழலில் இது ஒரு தேவையான மாற்றமாகும்.

ஆயினும், இணைய இதழியல் முழுமைக்கும் பொதுவான ஒரு குறையை இங்குச் சுட்டுதல் வேண்டும். அச்சிதழுக்குப் பக்க வரையறை உண்டு. நாற்பது பக்கத்திற்குள் அடங்கவேண்டும் என்னும் கட்டாயமே ஆசிரியரைத் தேரவும் சுருக்கவும் திருத்தம் கேட்கவும் வைத்தது. இணையத்தில் அவ்வரையறை இல்லை. எனவே, வந்தவை பெரிதும் வந்தபடியே ஏறுகின்றன. பின்னர், புதியவருக்குக் கிட்டுவது ஒன்று நண்பர்தம் வாழ்த்து, அன்றேல் பொதுவெளியிற் கண்டனம். இரண்டும் வெளியீட்டிற்குப் பின் வருவன. வெளியீட்டிற்கு முன் ஆசிரியர் ஒருவர் தனியே எழுதும் நான்கு வரிக் குறிப்பின் இடத்தை இவை நிரப்பா. “முதல் இரு பத்திகள் இன்றியும் இக்கதை நிற்கும்; நீக்கிப் பாருங்கள்” என்னும் ஒரு குறிப்பு, மேடையில் நிகழும் நெடிய உரையைவிட எழுதுபவர்க்குப் பயன்தரும்.

ஆகவே, மீண்டெழும் இதழ் தனக்குத்தானே ஒரு வரையறையை விதித்துக்கொள்ளல் நன்று. இதழுக்கு ஐந்து அல்லது ஆறு படைப்புகள். குறித்த காலத்திற்குள் மறுமொழி. ஏற்கப்படாத படைப்புக்கும் காரணம் கூறும் சிறு குறிப்பு. ஒரு முறையேனும் திருத்தி அனுப்பும் வாய்ப்பு. இவற்றை நிறைவேற்ற இயலாத குழு, இதழை ஆண்டுக்கு இரு முறை வெளியிடுவதே தகும்.

காப்பும் தொடர்ச்சியும்

மறுதொடக்கத்தில் பெரிதும் இழக்கப்படுவன பழைய இதழ்களே. தளத்தின் முகவரி மாறும்போது ஆய்வேடுகளில் காட்டப்பெற்ற இணைப்புகள் பயனற்றுப் போகின்றன. ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய எழுத்துரு முறைகளில் ஏற்றப்பட்டவை, உரிய மாற்றம் செய்யப்படாவிடின் வெறும் குறிகளாகவே தோன்றுகின்றன. எழுத்தாளரின் முதற்கதை இவ்வாறு மறையுமாயின், அவர்தம் வளர்ச்சியை எதைக் கொண்டு ஆராய்வது?

மலேசியாவில் அச்சு வெளியீடுகளின் படிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்கிறது. சிங்கப்பூரில் ‘.எஸ்ஜி’ என முடியும் தளங்களை, உரிமையாளரின் இசைவை முன்கூட்டிப் பெறாமலே சேமிக்கும் அதிகாரத்தைத் தேசிய நூலக வாரியம் 2019இல் பெற்றது. வேறு முகவரியில் இயங்கும் தமிழ்ச் சிற்றிதழ் இப்பாதுகாப்பினுள் தானாக அடங்குவதில்லை. எனவே, இதழை நடத்துவோர் நூலகத்தை அணுகி இசைவு வழங்குதல், தொடர் வெளியீட்டு எண் பெறுதல், ஒவ்வோர் இதழையும் தனிக் கோப்பாகவும் சேமித்தல் ஆகியவற்றைத் தாமே மேற்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

மறுதொடக்கம் என்பது பெயரையும் முகப்பையும் புதுப்பித்தல் அன்று. புதியவருடன் இதழ் கொள்ளும் உறவைப் புதுப்பித்தலே ஆகும். இதில் கல்வியாளர்க்கும் பங்குண்டு. மாணவர் ஒருவரின் கதையைப் போட்டிக்கு அனுப்பும் ஆசிரியர், அதனை நல்லதோர் இதழுக்கும் அனுப்பி, வந்த குறிப்பை மாணவருடன் அமர்ந்து படிக்கலாம். பல்கலைக்கழகத் துறைகள் பழைய இதழ்களின் அட்டவணையைத் தயாரிக்கும் பணியை மாணவர்தம் ஆய்வுப் பயிற்சியாக்கலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பொறுமையாகப் படிக்கும் சிலரே தேவை.